பில்லி ஹாலிடே: சிகிச்சை கேட்டவருக்குச் சிறை கிடைத்த கதை

1959-ம் ஆண்டு, ஜூன் மாதம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள மெட்ரோபாலிட்டன் மருத்துவமனை. கல்லீரல் கெட்டுப்போய், இதயமும் பலவீனமாகி, எழுந்து உட்காரக்கூட தெம்பில்லாமல் ஒரு பெண் கட்டிலில் கிடக்கிறார். வயது 44தான். அறைக்குள் போலீஸ் வருகிறது. ஹெராயின் வைத்திருந்ததாகச் சொல்லி, படுத்த படுக்கையிலேயே அவரைக் கைது செய்கிறார்கள். கைரேகை எடுக்கிறார்கள், போட்டோ பிடிக்கிறார்கள், வாசலில் காவல் போடுகிறார்கள். அடுத்த சில வாரங்களில் அந்தப் பெண் அதே மருத்துவமனையில் இறந்துபோகிறார்.

அவர் பில்லி ஹாலிடே. 20-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய ஜாஸ் பாடகிகளில் ஒருவர். போதைக்கு அடிமையாகி வாழ்க்கையைத் தொலைத்தவர் என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுவது சுலபம். ஆனா, அவருடைய கதையைக் கொஞ்சம் கிட்டப்போய் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. ஒருத்தர் போதையில் சிக்கிக்கொண்டால், அவரை முதலில் சந்திக்க வேண்டியவர் யார்? போலீஸா, டாக்டரா?

யார் இந்த பில்லி ஹாலிடே?

1915 ஏப்ரல் 7 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். இயற்பெயர் எலியனோரா. அம்மா சேடி ஃபேகன் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். அப்பா கிளாரன்ஸ் ஹாலிடே கிட்டார் கலைஞர். அப்பா குடும்பத்தோடு இருக்கவில்லை. எலியனோரா வளர்ந்தது பால்டிமோர் நகரத்தில், பெரும்பாலும் உறவினர்கள் வீட்டில்.

பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகவில்லை என்று 9 வயதிலேயே சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். 11 வயதில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் பாலியல் வன்முறைக்கு ஆளானார். பாதுகாப்பு என்ற பெயரில் அந்தச் சிறுமியை மறுபடியும் அதே சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தார்கள். பாதிக்கப்பட்டவரையே பூட்டி வைப்பது அவர் வாழ்க்கையில் அப்போதே தொடங்கிவிட்டது.

வெளியே வந்த பிறகு பாலியல் தொழில் விடுதி ஒன்றில் தரை துடைத்தார், எடுபிடி வேலை பார்த்தார். அங்கே இருந்த கிராமஃபோனில்தான் லூயி ஆம்ஸ்ட்ராங், பெஸ்ஸி ஸ்மித் பாடல்களைக் கேட்டார். முறையாக சங்கீதம் படித்ததில்லை. அவருக்கு வாய்த்த இசைப் பள்ளி அந்த கிராமஃபோன்தான்.

பிறகு அம்மாவோடு ஹார்லெம் போனார். 14 வயதில் பாலியல் தொழில் வழக்கில் கைதாகி சிறைவாசமும் அனுபவித்தார். விடுதலையானதும் சின்னச் சின்ன கிளப்களில் பாட ஆரம்பித்தார். 1933-ல் இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் தற்செயலாக அவர் பாடுவதைக் கேட்டார். அதே ஆண்டு நவம்பரில், 18 வயதில், பென்னி குட்மேன் குழுவோடு முதல் இசைத்தட்டு பதிவானது.

அவர் குரலுக்குப் பெரிய வீச்சு கிடையாது. ஆனா, தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி, சொல்லை இழுத்து, ஒரு சாதாரண வரியையே சொந்த அனுபவம் போல ஆக்கிவிடுவார். சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங் அவருக்கு லேடி டே என்று பட்டப்பெயர் வைத்தார். கவுண்ட் பேஸி குழுவிலும், அடுத்து 1938-ல் ஆர்ட்டி ஷா குழுவிலும் பாடினார். ஆர்ட்டி ஷாவுடையது வெள்ளையர் குழு. அதில் ஒரு கறுப்பினப் பெண் முன்வரிசைப் பாடகியாக இருப்பது அந்தக் காலத்தில் அபூர்வம். மேடையில் கைத்தட்டல் வாங்கிய அதே ஹோட்டலில், விருந்தினர் லிஃப்டில் ஏறக் கூடாது, சரக்கு லிஃப்டில் போ என்று சொன்னார்கள்.

அப்பாவின் மரணமும் ஒரு பாட்டும்

1937-ல் டெக்சாஸில் இசைப் பயணத்தில் இருந்தபோது அப்பா கிளாரன்ஸுக்கு நுரையீரல் நோய் முற்றியது. கறுப்பினத்தவர் என்பதால் சிகிச்சை மறுக்கப்பட்டு, இடம் கிடைத்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அவர் இறந்துபோனார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1939-ல், ஏபெல் மீரோபோல் என்ற பள்ளி ஆசிரியர் எழுதிய ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட் பாடல் ஹாலிடேவிடம் வந்தது. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல்கள் அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிடுவதைப் பற்றிய பாட்டு. அப்பாவின் நினைவும் அதில் சேர்ந்துகொண்டது. நியூயார்க்கின் கஃபே சொசைட்டி கிளப்பில் நிகழ்ச்சியின் கடைசிப் பாடலாக அதைப் பாடுவார். விளக்குகள் அணையும், பரிமாறுபவர்கள் நின்றுவிடுவார்கள், அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம். அவருடைய இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியா அதைப் பதிவு செய்யத் தயங்கியது. கமடோர் என்ற சிறிய நிறுவனம் வெளியிட்டது.

அந்தப் பாட்டால்தான் அரசு அவரைக் குறிவைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனா, மத்திய போதைப்பொருள் துறை அவரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

ஹெராயின் எப்படி உள்ளே வந்தது?

1941-ல் ஜிம்மி மன்றோவைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த உறவில் இருந்தபோதுதான் அபின் புகைக்கும் பழக்கம் வந்தது. அது ஹெராயினில் போய் நின்றது. அடுத்து வந்த துணைவர் ஜோ கை, டிரம்பெட் கலைஞர். அவரும் ஹெராயின் பழக்கத்தில் இருந்தவர். 1945-ல் அம்மா இறந்துபோனார். இதே காலத்தில்தான் அவருடைய புகழும் வருமானமும் உச்சத்தில் இருந்தன. வந்த பணம் வந்த வேகத்தில் கரைந்தது.

பலவீனமான மனசு, அதான் அடிமையாகிட்டாங்க என்று சொல்பவர்கள் உண்டு. மருத்துவம் அப்படிப் பார்ப்பதில்லை. சிறுவயதில் அனுபவித்த வன்முறை, வீட்டுக்குள் போதைப்பழக்கம் உள்ள துணை, கைக்கெட்டும் தூரத்தில் பொருள், ஆறாத துக்கம் ஆகிய எல்லாமே ஒருவர் போதைக்கு அடிமையாகும் ஆபத்தைக் கூட்டும். ஹாலிடேயின் வாழ்க்கையில் இவை நான்கும் இருந்தன.

ஹெராயின் உடலில் என்ன செய்கிறது?

ஹெராயின் முதலில் ஒரு மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1898-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் அதை இருமல் மருந்தாக விற்றது. ஆபத்து புரிந்த பிறகு, 1924-ல் அமெரிக்கா அதன் தயாரிப்பைத் தடை செய்தது.

உடலுக்குள் போனதும் ஹெராயின் வேகமாக மூளையை அடைந்து மார்ஃபினாக மாறுகிறது. வலியைக் குறைக்க உடல் தானாகவே சுரக்கும் எண்டார்ஃபின் போய் உட்கார வேண்டிய இடங்களில் இது போய் உட்காருகிறது. வலி, பயம், துக்கம் எல்லாம் கொஞ்ச நேரம் மங்கிவிடும். கூடவே கண்மணி சுருங்கும், குடல் மந்தமாகும், மூச்சு மெதுவாகும். அளவு மீறினால் மூச்சே நின்றுபோகும். ஹெராயின் மரணங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

நாளாக நாளாக மூளை இதற்குப் பழகிவிடும். பழைய அளவு போதாமல் போகும். நிறுத்தினால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் உடல் எதிர்ப்புக் காட்ட ஆரம்பிக்கும். மூக்கில் நீர், வியர்வை, நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைவது போன்ற வலி, தூக்கமின்மை. இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் தணியும். இந்தக் கட்டத்தில் இருப்பவர் போதையின் சுகத்துக்காக ஹெராயினைத் தேடுவதில்லை. இந்த வேதனையிலிருந்து தப்பிக்கத்தான் தேடுகிறார்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் உள்ளே வைத்து நிறுத்திவிட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உடலிலிருந்து பொருள் வெளியேறிவிட்டது, அவ்வளவுதான். ஏக்கம் மாதக்கணக்கில் இருக்கும். அதைவிட ஆபத்து, நிறுத்திய பிறகு உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் அது உயிரைப் பறிக்கலாம். சிறையிலிருந்தோ சிகிச்சை மையத்திலிருந்தோ வந்த முதல் சில வாரங்கள் மிகவும் அபாயமானவை என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

1947: கேட்டது மருத்துவமனை, கிடைத்தது சிறை

1947-ன் தொடக்கத்தில் ஹாலிடே தானாகவே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து சில வாரங்கள் சிகிச்சை எடுத்தார். வெளியே வந்ததும் அதே வீடு, அதே துணைவர், அதே இரவு கிளப். தொடர் சிகிச்சை என்று எதுவும் இல்லை. சீக்கிரமே பழக்கம் திரும்ப வந்தது. சிகிச்சை முடிந்து வெளியே வந்ததிலிருந்தே அதிகாரிகள் தன்னைப் பின்தொடர்ந்ததாக அவர் பிற்பாடு சுயசரிதையில் குறிப்பிட்டார்.

அதே ஆண்டு மே மாதம் கைதானார். வழக்கின் பெயர், அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் பில்லி ஹாலிடே. ஒரு நாடே தனக்கு எதிராக நிற்பது போல அவருக்குத் தோன்றியது. தனக்கென்று வழக்கறிஞர்கூட இல்லாமல் ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மருத்துவமனைக்கு அனுப்புங்கள் என்பதுதான் அவருடைய கோரிக்கை. கூட இருப்பவர்கள் அவரைச் சுரண்டிவிட்டார்கள் என்று அரசுத் தரப்பே நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னது. தீர்ப்பு ஓராண்டும் ஒரு நாளும் சிறை.

மேற்கு வர்ஜீனியாவில் இருந்த ஆல்டர்சன் பெண்கள் சிறையில், மருந்து எதுவும் இல்லாமலே நிறுத்தல் வேதனையைக் கடந்தார். சமையலறை வேலை செய்தார். உள்ளே இருந்த காலம் முழுக்க ஒரு பாட்டுகூட பாடவில்லை.

அந்தக் காலத்தில் சிகிச்சையே கிடையாதா?

இருந்தது, ஆனால் கதவைச் சட்டம் மூடி வைத்திருந்தது. 1914-ல் அமெரிக்காவில் ஹாரிசன் சட்டம் வந்தது. போதை அடிமையானவருக்கு அந்தப் பழக்கத்தைத் தாங்குவதற்காக மட்டும் மருத்துவர் மருந்து எழுதிக் கொடுப்பது முறையான மருத்துவம் ஆகாது என்று 1919-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஏராளமான மருத்துவர்கள் வழக்குகளில் சிக்கினார்கள். மிச்சம் இருந்தவர்கள் வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் 1935-ல் அரசு ஒரு பெரிய நிலையத்தைத் திறந்தது. பாதி மருத்துவமனை, பாதி சிறை. ஜாஸ் கலைஞர்கள் பலர் அங்கே போய்வந்தார்கள். சாக்ஸஃபோன் மேதை சோனி ரோலின்ஸ் 1955-ல் அங்கே சிகிச்சை எடுத்து மீண்டார். ஆனால் அங்கிருந்து வெளியே போனவர்களில் பெரும்பாலானோர் மறுபடியும் பழக்கத்துக்குத் திரும்பினார்கள்.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 1926-லிருந்தே மருத்துவர்கள் தேவைப்பட்டால் அடிமையானவருக்கு மருந்து எழுதிக் கொடுக்க அனுமதி இருந்தது. 1954-ல் ஐரோப்பியப் பயணம் போன ஹாலிடே இந்த வித்தியாசத்தைக் கவனித்தார். 1956-ல் வெளியான தன் சுயசரிதையில், போதைக்கு அடிமையானவரை நோயாளியாகப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார். சர்க்கரை நோயாளியை போலீஸ் துரத்துமா என்ற ரீதியில் அவர் எழுப்பிய கேள்வி அன்றைக்குப் பலருக்கும் புரியவில்லை.

பறிபோன அட்டை

1948 மார்ச்சில் விடுதலையானார். பத்து, பன்னிரண்டு நாட்களிலேயே கார்னெகி அரங்கில் கச்சேரி. டிக்கெட் மொத்தமும் விற்றுத் தீர்ந்தது. திரும்பி வந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் நியூயார்க்கில் அப்போது ஒரு விதி இருந்தது. மது விற்கும் கிளப்களில் பாட, போலீஸ் கொடுக்கும் கேபரே அட்டை வேண்டும். போதை வழக்கில் தண்டனை பெற்றவர் என்பதால் அவருக்கு அட்டை மறுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பேர் உட்காரும் கார்னெகி அரங்கில் பாடலாம், தெருமுனை கிளப்பில் பாடக் கூடாது! ஜாஸ் கலைஞர்களுக்கு அன்றாடச் சோறு போட்டது அந்தச் சின்ன கிளப்கள்தான். அட்டை முறை 1967-ல்தான் ஒழிந்தது. அவர் சாகும்வரை அது கிடைக்கவில்லை.

இன்றைய மறுவாழ்வு சிகிச்சையில் வேலை என்பது மருந்துக்குச் சமமாகப் பார்க்கப்படுகிறது. காலையில் எழுந்து போக ஓர் இடம், கையில் கொஞ்சம் நியாயமான காசு, மரியாதை. இவை இருந்தால் திரும்ப விழும் வாய்ப்பு குறையும். ஹாலிடேவிடமிருந்து பறிக்கப்பட்டது அதுதான்.

வேலைக்காக ஊர் ஊராக அலைந்தார். 1949-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மறுபடியும் கைது. இந்த முறை ஜூரிகள் அவர் குற்றவாளி இல்லை என்றார்கள். 1956-ல் ஃபிலடெல்ஃபியாவில் இன்னொரு கைது. ஹெராயினோடு குடியும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கல்லீரலைக் கெடுத்தது அந்தக் குடிதான். கடையில் சட்டப்படி கிடைக்கும் பொருள் என்பதால் மது பாதுகாப்பானது ஆகிவிடாது.

அவர் பாடுவதை மட்டும் விடவில்லை. 1957-ல் பழைய நண்பர் லெஸ்டர் யங்கோடு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்து இசைத்தார். 1958-ல் வெளியான லேடி இன் சாட்டின் இசைத்தட்டில் அவர் குரல் கரகரத்து, உடைந்து கேட்கும். அதைத்தான் தன் சிறந்த இசைத்தட்டாக அவர் கருதினார்.

ஒரே துறை, இரண்டு நியாயம்

ஹாலிடேவைத் துரத்திய மத்திய போதைப்பொருள் துறையின் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். 1930 முதல் 1962 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். கடும் தண்டனைதான் தீர்வு என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர்.

அவரே 1961-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் செல்வாக்கு மிக்க உறுப்பினர் ஒருவர் மார்ஃபினுக்கு அடிமை. விஷயம் வெளியே தெரிந்தால் நாட்டுக்கு அவமானம் என்று, ஒரு மருந்துக்கடையிலிருந்து அவருக்கு ரகசியமாக, தொடர்ந்து மார்ஃபின் கிடைக்க ஆன்ஸ்லிங்கர் ஏற்பாடு செய்தார். பெயரை அவர் சொல்லவில்லை. அது செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி என்று பின்னால் பலர் எழுதினார்கள்.

போதைக்கு அடிமையானவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அந்தத் துறைக்குத் தெரியாமல் இல்லை. செனட்டருக்கு ஒரு நியாயம், கறுப்பினப் பாடகிக்கு ஒரு நியாயம் என்று இருந்தது, அவ்வளவுதான்.

கடைசி 47 நாட்கள்

1959 மார்ச்சில் லெஸ்டர் யங் இறந்தார். மே 31 அன்று ஹாலிடே சுருண்டு விழுந்தார். முதலில் கொண்டுபோன மருத்துவமனையில், போதை அடிமை என்று தெரிந்ததும் உரிய கவனிப்பு கிடைக்கவில்லை என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்பாவுக்கு நடந்தது மகளுக்கும் நடந்தது. அன்றே மெட்ரோபாலிட்டன் மருத்துவமனைக்கு மாற்றினார்கள்.

அங்கே உடம்பு கொஞ்சம் தேறி வந்தது. மெத்தடோன் என்ற மருந்து கொடுத்ததும் அவர் எடை கூடியதாகவும், சில நாட்களில் அது நிறுத்தப்பட்டதாகவும் நெருங்கியவர்கள் வழியாக வந்த தகவல் ஒன்று உண்டு. ஜூன் 12 அன்று அறையில் ஹெராயின் கிடைத்ததாகச் சொல்லி போலீஸ் உள்ளே வந்தது. ஜூலை 17 அதிகாலையில் அவர் இறந்தார். வங்கிக் கணக்கில் இருந்தது 70 சென்ட்.

அவர் போன பிறகு

மூன்றே ஆண்டுகளில், 1962-ல், போதைக்கு அடிமையாக இருப்பதே குற்றம் ஆகாது, அது ஒரு நோய் நிலை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ராபின்சன் வழக்கில் சொன்னது. 1960-களின் நடுவில் நியூயார்க்கிலேயே வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகிய இரு மருத்துவர்கள் மெத்தடோன் சிகிச்சையை நிரூபித்துக் காட்டினார்கள். தினமும் ஒரே அளவு, வாய்வழியாக, மருத்துவக் கண்காணிப்பில். நிறுத்தல் வேதனை அடங்கும், ஏக்கம் குறையும், ஆள் வேலைக்குப் போகலாம். 1971-ல் ஹெராயின் அளவு மீறியவரின் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் நலாக்ஸோன் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 2005-ல் மெத்தடோனையும் பியூப்ரெநார்ஃபினையும் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஹாலிடேவின் கதை 1972-லும் 2021-லும் சினிமாவாக வந்தது. அவர் கேட்ட மருத்துவமனை மட்டும் அவருக்குக் காலத்தில் கிடைக்கவே இல்லை.

நம்ம வீட்டில் ஒருத்தர் இப்படி இருந்தால்?

* ஆள் எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். என்ன எடுத்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

* இந்தியாவில் போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

* போலீஸ் பிடித்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் சிகிச்சைக்கே போவதில்லை. நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப்பொருள் உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு ரத்தாகலாம்.

* மீட்பு மையத்தைத் தேர்வு செய்யும்போது, அங்கே டாக்டர் இருக்கிறாரா, வெளியே வந்த பிறகு தொடர் கவனிப்பு உண்டா என்று கேளுங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன்படி யாரையும் சங்கிலியால் கட்டி வைக்கக் கூடாது. அடித்துத் திருத்துவோம் என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

* ஒருமுறை மீண்டும் விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கைகழுவ வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி இதுவும் திரும்பத் திரும்பக் கவனிக்க வேண்டிய நோய். மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.